கிராண்ட் விண்ணப்பத்தில் எடிட்டர் எதைத் திருத்துவார்? – வாசகர் கேள்வி பதில்

கலைஞர்களும் கலை அமைப்புகளும் நிதி கேட்டு அனுப்பும் கிராண்ட் விண்ணப்பங்களைத் தொழில்முறை எடிட்டரிடம் கொடுத்துச் செம்மைப்படுத்துவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம். இத்தகைய விண்ணப்பங்களை எடிட் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கே: எங்கள் விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை கிடையாது. நன்றாக எழுதத் தெரிந்தவர்தான் எழுதியிருக்கிறார். அப்படியிருக்க எடிட்டருக்கு அதில் என்ன வேலை? – இசை அமைப்பு ஒன்றின் செயலாளர்

ப: பிழை திருத்துவது கடைசி வேலை. எடிட்டர் உங்கள் விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன், நிதி தருபவர் வெளியிட்டிருக்கும் வழிகாட்டிக் குறிப்பை முழுதாகப் படிப்பார். யார் விண்ணப்பிக்கலாம், எதற்கெல்லாம் பணம் கிடையாது, எந்தத் தேதிக்குப் பிறகு ஆகும் செலவை ஏற்பார்கள், எந்த அளவுகோலுக்கு எவ்வளவு மதிப்பெண் என்பவற்றைக் குறித்துக்கொள்வார். முடிந்துபோன வேலைக்கும், முடிவு அறிவிக்கும் முன்பே செய்த செலவுக்கும் பல நிறுவனங்கள் பணம் தருவதில்லை. கட்டடம், கருவி வாங்குவதற்கும் சில இடங்களில் தடை உண்டு. இவற்றில் ஒன்றில் சிக்கினால் எவ்வளவு அழகான எழுத்தும் பயன்படாது.

அடுத்து, படிவத்தின் ஒவ்வொரு கேள்வியையும் துண்டு துண்டாகப் பிரிப்பார். “உங்கள் திட்டம் யாருக்குப் பயன்படும், அவர்களை எப்படி அணுகுவீர்கள், பயன் கிடைத்ததை எப்படி அறிவீர்கள்?” என்று ஒரு கேள்வி இருந்தால், அதில் கேள்வி மூன்று. பெரும்பாலான வரைவுகளில் முதல் பகுதிக்கு நீண்ட பதில் இருக்கும், இரண்டாவதற்கு ஒரு வரி இருக்கும், மூன்றாவதற்கு ஒன்றும் இருக்காது. நடுவர் கையில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கலாம். காலியான கட்டத்தில் பூஜ்யம்தான் விழும்.

அதற்குப் பிறகுதான் பத்திகளின் வரிசை, வாக்கியம், பிழை. கிராண்ட் எழுதித் தருபவர் வேறு, எடிட்டர் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுதித் தருபவர் உங்களோடு உட்கார்ந்து திட்டத்துக்கு உருவம் கொடுப்பார். எடிட்டர் நீங்கள் எழுதிய வரைவை வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். வரைவில் இல்லாத தகவலைத் தானாகச் சேர்க்க மாட்டார். ஓரத்தில் கேள்வியாக எழுதி உங்களிடமே திருப்புவார். அப்படி வரும் கேள்விகளுக்குப் பதில் தேடுவதுதான் எடிட்டிங்கில் உங்கள் பங்கு.

கே: எங்கள் நாடகக் குழுவின் விண்ணப்பம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது. இரண்டு முறையும் “திட்டம் தெளிவாக இல்லை” என்றே கருத்து வந்தது. முதல் பத்தியை அனுப்பியிருக்கிறோம். என்ன குறை? – நாடகக் குழு ஒன்றின் நிர்வாகி

ப: நீங்கள் அனுப்பிய தொடக்கம் இது:

“மனித வாழ்வின் ஆழ்ந்த மௌனங்களை, தலைமுறைகள் கடந்த நினைவுகளின் வழியே கேள்விக்கு உட்படுத்தும் பன்முகத்தன்மை கொண்ட இந்த அரங்கப் படைப்பு, பார்வையாளரைப் புதியதோர் அனுபவத்துக்கு இட்டுச் செல்லும்.”

இதில் யாருடைய நினைவு, என்ன படைப்பு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று எதுவும் தெரியவில்லை. இதே வரியை ஓவியக் கண்காட்சிக்கும் போடலாம், நடனத்துக்கும் போடலாம். ஒரு வரியை வேறொருவர் விண்ணப்பத்தில் வைத்தாலும் பொருந்துகிறது என்றால் அது வெட்ட வேண்டிய வரி. உங்கள் விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் நடுவிலே புதைந்து கிடக்கும் தகவல்களை மேலே கொண்டுவந்தால் தொடக்கம் இப்படி ஆகும்:

“மூடப்பட்ட நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்த 20 பேரின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து, அதிலிருந்து 60 நிமிட நாடகம் உருவாக்குகிறோம். 6 நடிகர்கள், 12 நாள் ஒத்திகை. அந்தத் தொழிலாளர்கள் வசிக்கும் 4 குடியிருப்புகளில் 8 முறை நிகழ்த்துவோம். இந்த நிதி பதிவு, ஒத்திகை, நிகழ்ச்சி ஆகிய மூன்றுக்கும்.”

இதில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை, எல்லாம் நீங்கள் எழுதியவைதான். நடுவர்கள் ஒரே மூச்சில் பல விண்ணப்பங்களைப் படிக்கிறார்கள். எல்லோரும் நாடகக்காரர்களாக இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. குழுவில் ஒரு சிற்பி, ஓர் இசைக் கலைஞர், ஒரு நிர்வாகி இருக்கலாம். முதல் மூன்று வரியில் என்ன, யார், எங்கே, எத்தனை என்பது மனதில் பதிந்துவிட்டால், மீதியை அந்தச் சட்டத்துக்குள் வைத்துப் படிப்பார்கள். கவித்துவம் கூடாது என்பதில்லை. கலை நோக்கம் பற்றிய பகுதியில் அதற்கு இடம் உண்டு, அங்கே உங்கள் மொழியை நாங்களும் தொடத் தயங்குவோம். திட்டச் சுருக்கத்தில் அதற்கு வேலை இல்லை.

இந்த வரைவில் எடிட்டர் ஓரத்தில் எழுதியிருக்க வேண்டிய கேள்விகள் இன்னும் உண்டு. அந்த 20 பேர் எழுத்தில் சம்மதம் தந்திருக்கிறார்களா? அவர்கள் சொன்னதை நாடகமாக்கிய பிறகு அவர்களிடம் காட்டுவீர்களா? அவர்களுக்கு ஊதியம் உண்டா? உண்டென்றால் பட்ஜெட்டில் எங்கே? பிறருடைய வாழ்க்கையை எடுத்துப் படைக்கும் திட்டங்களில் தேர்வுக் குழு முதலில் கேட்பது இவற்றைத்தான். உங்கள் விண்ணப்பம் இதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. தெளிவின்மை என்று அவர்கள் குறிப்பிட்டதில் இதுவும் அடக்கம் என்பது எங்கள் ஊகம்.

கடைசிப் பத்தியில் “சமூகத்தில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தும்” என்று முடித்திருக்கிறீர்கள். 8 நிகழ்ச்சிகளால் அது நடக்கும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் அரை மணி நேரக் கலந்துரையாடல், பதிவுகளின் நகல் அந்தக் குடும்பங்களுக்கே ஒப்படைப்பு என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பயன். அதை இங்கே எழுதுங்கள்.

கே: பட்ஜெட்டைக் கணக்கர் பார்த்துவிட்டார். அதையும் எடிட்டருக்கு அனுப்ப வேண்டுமா? – அதே நிர்வாகி

ப: கட்டாயம் அனுப்ப வேண்டும். கணக்கர் கூட்டல் சரியா என்று பார்ப்பார். எழுத்தில் சொன்னதும் பட்ஜெட்டில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது எடிட்டரின் வேலை. உங்கள் தாளையே எடுத்துக்கொள்வோம்.

எழுத்தில் 6 நடிகர்கள், 12 நாள் ஒத்திகை. அப்படியானால் 72 நாள் ஊதியம் வர வேண்டும். பட்ஜெட்டில் 60 நாளுக்குத்தான் இருக்கிறது. ஐந்து பேராக இருந்த காலத்துக் கணக்கை மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள். எழுத்தில் 8 நிகழ்ச்சி, அரங்க வாடகையும் 8க்கு. ஆனால் கால அட்டவணையில் 7 தேதிதான். ஒரு நிகழ்ச்சிக்கு 100 பேர் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டு, வேறோரிடத்தில் மொத்தப் பார்வையாளர் 1000 என்கிறீர்கள். எட்டு நூறு 800. நடுவர் கால்குலேட்டரை எடுத்து உட்கார மாட்டார்தான். இப்படி ஒரு முரண் கண்ணில் பட்டுவிட்டால், மற்ற எண்களையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

நாங்கள் செய்யும் முறை எளிது. எழுத்துப் பகுதியில் உள்ள ஒவ்வொரு எண்ணையும், ஒவ்வொரு ஆள் பெயரையும், ஒவ்வொரு செயலையும் ஒரு நிறத்தில் குறிப்போம். பிறகு பட்ஜெட்டிலும் அட்டவணையிலும் அதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று தேடுவோம். பிறகு தலைகீழாக, பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் எழுத்தில் காரணம் இருக்கிறதா என்று பார்ப்போம். உங்கள் பட்ஜெட்டில் “ஒளிப்பதிவுக் கலைஞர்” என்று ஒரு வரி இருக்கிறது. எழுத்தில் ஒளிப்பதிவு பற்றிப் பேச்சே இல்லை. எதற்காக, யார் பார்க்க என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்.

வழக்கமாக விடுபடும் செலவுகள் உண்டு: விண்ணப்பிப்பவரின் சொந்த ஊதியம், இசை உரிமைக் கட்டணம், காப்பீடு, சைகை மொழிபெயர்ப்பாளர், ஆவணப்படுத்தல், தணிக்கைக் கட்டணம். தன் ஊதியத்தை விட்டுவிடுவதைப் பலர் தியாகமாக நினைக்கிறார்கள். தேர்வுக் குழுவுக்கு அது அப்படித் தெரிவதில்லை. செலவு என்னவென்று தெரியாதவர் போட்ட கணக்காகத்தான் தெரியும். உண்மையிலேயே ஊதியம் வாங்கப் போவதில்லை என்றால், அதன் மதிப்பைப் பொருள்வகைப் பங்களிப்பாக, அதாவது பணமாக இல்லாமல் உழைப்பாகவோ இடமாகவோ தருவதாகக் காட்டுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஒத்திகைக் கூடத்துக்கும் இதே முறைதான். பொருள்வகைப் பங்களிப்பை வரவிலும் செலவிலும் ஒரே தொகையாக எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் வரவும் செலவும் ஒட்டாது. இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது. கூடம் தருபவரிடம் “இத்தனை நாள், இந்தத் தேதிகளில், கட்டணமின்றி” என்று கடிதம் வாங்கி இணையுங்கள். “இவர்கள் அருமையான கலைஞர்கள், வாழ்த்துகள்” என்று மட்டும் சொல்லும் ஆதரவுக் கடிதம் பக்கத்தைத்தான் நிரப்பும்.

எதிர்பாராச் செலவுக்கு 5 முதல் 10 சதவீதம் வைப்பது வழக்கம். சில நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை, குறிப்பைப் பார்த்துவிட்டு வையுங்கள். எல்லாத் தொகையும் ஆயிரம், பத்தாயிரம் என்று முழு எண்ணாகவே இருந்தால் ஊகம் என்று தெரிந்துவிடும். விலைப்புள்ளி வாங்கிய இடங்களில் வந்த தொகையையே எழுதுங்கள். எண்ணிக்கை, நாள், ஒரு நாளுக்கான தொகை மூன்றும் வரியிலேயே தெரிய வேண்டும்.

கே: இணையப் படிவத்தில் 1500 எழுத்துக்குள் பதில் கேட்கிறார்கள். தமிழில் எழுதினால் பாதியிலேயே வெட்டிவிடுகிறது. எண்ணிப் பார்த்தால் 1500 வரவே இல்லை. ஏன்? – எழுத்தாளர்

ப: நாம் எழுத்தை எண்ணும் முறையும் கணினி எண்ணும் முறையும் வேறு. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். ‘விண்ணப்பம்’ நமக்கு 6 எழுத்து, கணினிக்கு 10. ‘தமிழ்’ நமக்கு 3, கணினிக்கு 5. ‘ஸ்ரீ’ என்ற ஒன்றே 4. சொற்களுக்கு இடையில் விடும் இடைவெளியும் கணக்கில் சேரும். புதிய வரிக்குப் போவதைச் சில படிவங்கள் ஒன்றாகவும் சில இரண்டாகவும் எண்ணும். அபூர்வமாகச் சில படிவங்கள், கோப்பின் அளவைச் சொல்லும் பைட் கணக்கில் எல்லை வைத்திருக்கும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் என்பதால் அங்கே ‘விண்ணப்பம்’ 30 ஆகிவிடும்.

ஆகவே 1500 என்று போட்டிருக்கும் பெட்டியில் ஆங்கிலத்தில் 250 சொல்லை ஒட்டி நுழைந்தால், தமிழில் 130 முதல் 160 சொல்தான் நுழையும். அந்த அளவை மனதில் வைத்துத்தான் வரைவே எழுத வேண்டும். 300 சொல் எழுதிவிட்டுப் பாதியாகச் சுருக்கச் சொன்னால் எடிட்டரும் சதையோடு எலும்பையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டியிருக்கும். எல்லை சொல்லிலா எழுத்திலா, இடைவெளி சேர்த்தா என்பதை நிதி தருபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதும் மென்பொருள் காட்டும் எண்ணைவிடப் படிவத்தின் எண்ணிக்கைக்கே கடைசி வார்த்தை. வரைவை முதல் நாளே ஒருமுறை பெட்டியில் ஒட்டிப் பாருங்கள்.

இடம் மிச்சம் பிடிக்க எளிய வழி துணைவினைகளைக் குறைப்பது. ‘நடத்தப்பட இருக்கிறது’ என்பதை ‘நடத்துவோம்’ என்றும், ‘பயிற்சியை மேற்கொள்வதற்கான திட்டம்’ என்பதைப் ‘பயிற்சித் திட்டம்’ என்றும் ஆக்கலாம். ஒரு பத்தியில் இப்படி நாலு இடம் கிடைத்தால் ஒரு முழு வாக்கியத்துக்கு வழி பிறக்கும். சந்தி எழுத்தை விட்டு இடம் பிடிக்க வேண்டாம், படிப்பவருக்கு உறுத்தும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வரைவுகள் இன்னும் வருகின்றன. அதை அப்படியே ஒட்டினால் படிவத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் விழும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு கொம்பும் காலும் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ எழுத்தும், ‘எ’ எழுத்துக்குப் பதில் தமிழ் எண் ‘௭’ வந்திருப்பதும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள். அந்தக் கோப்பில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. தடித்த எழுத்து, அடைப்புக் கட்டம், பட்டியல் புள்ளி எல்லாம் படிவத்தில் மறைந்துபோகலாம். எடிட்டர் வெறும் எழுத்துக் கோப்பாகத்தான் இறுதிப் பிரதியைத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

கே: கலைஞர் கூற்று, சுயவிவரம், திட்ட விளக்கம் மூன்றிலும் ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதுவது போலிருக்கிறது. – ஓவியர்

ப: மூன்றுக்கும் கேள்வி வேறு. கலைஞர் கூற்று நீங்கள் எதைப் பற்றி, எந்த ஊடகத்தில், ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்பது, தன்மையில் எழுதுவது. சுயவிவரம் இதுவரை என்ன செய்தீர்கள் என்பது. ஆண்டு, இடம், படைப்பு மட்டும், பெரும்பாலும் படர்க்கையில். திட்ட விளக்கம் இந்தப் பணத்தில் இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. வினைகள் எதிர்காலத்தில் இருக்கும். மூன்றையும் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்து, ஒரே வாக்கியம் இரண்டில் வந்தால் ஒன்றில் அடியுங்கள். நம்பகத்தைக் கூட்டும் ஒன்றுமட்டும் திரும்ப வரலாம்: திட்டத்துக்கு நேரடித் தொடர்புள்ள முந்தைய படைப்பு.

படைப்பு மாதிரிகளை எடிட்டருக்கு அனுப்ப மறந்துவிடுகிறார்கள். ஓவியம், சிற்பம் போன்ற துறைகளில் தேர்வுக் குழு எழுத்தைவிட மாதிரியைத்தான் கூடுதலாக நம்பும். ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு வேண்டும். கூட்டுப் படைப்பென்றால் அதில் உங்கள் பங்கு என்ன என்பதும் வேண்டும். திட்டம் துணியில் செய்யும் நிறுவல் (ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் இன்ஸ்டலேஷன்) என்றால், கித்தானில் தீட்டிய பத்து ஓவியங்களை மட்டும் அனுப்புவது உதவாது. துணியில் செய்த சிறு சோதனையாவது இருக்கட்டும். காணொளி என்றால் “2:10 முதல் 4:30 வரை பார்க்கவும்” என்று எழுதுங்கள். இணைப்பை உலாவியின் தனிச் சாளரத்தில், உங்கள் கணக்கில் நுழையாமல் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டுத் திரை நின்றால் நடுவருக்கும் அப்படியே நிற்கும். முடிவு வெளியாகும் நாள்வரை அந்த இணைப்பை நீக்கவோ மாற்றவோ கூடாது.

கே: நிதி கிடைத்தால் 10 சதவீதம் தாருங்கள், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்கிறார் ஓர் எடிட்டர். நல்ல ஏற்பாடுதானே? – சிறு அறக்கட்டளை ஒன்றின் பொருளாளர்

ப: ஒத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் கிராண்ட் புரொஃபஷனல்ஸ் அசோசியேஷன், அசோசியேஷன் ஆஃப் ஃபண்ட்ரெய்சிங் புரொஃபஷனல்ஸ் ஆகிய தொழில்முறைச் சங்கங்கள் இரண்டும் தங்கள் நெறிமுறையில் சதவீதக் கூலியைத் தடை செய்திருக்கின்றன. காரணம் நியாயமானது. கிடைக்கும் பணம் திட்டத்துக்கானது. விண்ணப்பம் தயாரித்த செலவைப் பல நிறுவனங்கள் பட்ஜெட்டில் ஏற்பதில்லை, அப்படியானால் அந்த 10 சதவீதத்தை எதிலிருந்து எடுப்பீர்கள்? தொகையைப் பெருக்கிக் கேட்கும் ஆசையும் எடிட்டருக்கு வந்துவிடும். மணிக்கணக்கிலோ, வேலை முழுதுக்கும் ஒரே தொகையாகவோ பேசுங்கள். எத்தனை சுற்றுத் திருத்தம், பட்ஜெட் ஒப்பீடு சேர்ந்ததா, ரகசியம் காப்பது, எந்தத் தேதியில் தருவது என்று எழுத்தில் இருக்கட்டும். இரண்டு சுற்று என்பது பொதுவாகப் போதும். சமர்ப்பிக்கும் பொத்தானை நீங்களே அழுத்துங்கள். கடவுச்சொல்லை யாரிடமும் தர வேண்டாம்.

கே: கடைசித் தேதிக்கு எத்தனை நாள் முன்பு கொடுக்க வேண்டும்? – நடனக் கலைஞர்

ப: மூன்று வாரம் இருந்தால் வேலை நிதானமாக நடக்கும். முதல் வாரம் அமைப்பு பற்றிய கேள்விகளுக்கு, இரண்டாவது நீங்கள் பதில் எழுதித் திருப்ப, மூன்றாவது வாக்கியத்துக்கும் பிழைக்கும். கடைசி இரண்டு நாளைப் படிவத்தில் ஏற்றுவதற்கென்று ஒதுக்குங்கள். நேர மண்டலத்தையும் பாருங்கள், வெளிநாட்டு நிறுவனத்தின் நள்ளிரவு உங்கள் நள்ளிரவாக இருக்காது. இரண்டே நாள்தான் இருக்கிறதென்றால் சுருக்கமும் பட்ஜெட் ஒப்பீடும் மட்டும் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

கே: செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துச் செம்மைப்படுத்திக்கொண்டால் என்ன? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

ப: முதலில் நிதி தருபவரின் விதியைப் பாருங்கள். சிலர் தடை செய்கிறார்கள், சிலர் பயன்படுத்தினால் அறிவிக்கச் சொல்கிறார்கள். சுருக்குவதற்கும் எழுத்துப்பிழை காட்டுவதற்கும் அது உதவும். நீங்கள் தராத கூட்டாளி அமைப்பையும் எண்ணையும் தானாகச் சேர்த்துவிடும் ஆபத்து உண்டு. கையொப்பமிட்ட விண்ணப்பத்தில் அது பொய்த் தகவலாகிவிடும். வெளியிடாத படைப்பையும், நேர்காணல் தந்தவர்களின் பெயர்களையும் அதில் ஏற்றாதீர்கள். உங்கள் குரல் மழுங்கிப்போவதுதான் எங்களுக்குக் கூடுதல் கவலை. கலைஞர் கூற்றை அதனிடம் தரவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கே: நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தை அடுத்த ஆண்டு மறுபடி அனுப்பலாமா? – பொம்மலாட்டக் குழு

ப: விதி அனுமதித்தால் தாராளமாக அனுப்பலாம். முதலில் நடுவர் கருத்து கிடைக்குமா என்று கேட்டு எழுதுங்கள், பல நிறுவனங்கள் கேட்டால் தருகின்றன. அந்தக் கருத்தையும் பழைய விண்ணப்பத்தையும் புதிய ஆண்டின் குறிப்பையும் சேர்த்து எடிட்டரிடம் கொடுங்கள். கேள்விகளும் மதிப்பெண்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், பழைய பதில்களை அப்படியே ஒட்ட முடியாது. தேதிகள், விலைப்புள்ளிகள், ஆதரவுக் கடிதங்கள் மூன்றும் புதிதாக வேண்டும். சென்ற ஆண்டுத் தேதியிட்ட ஒரு கடிதம் இருந்தாலே பழைய கட்டு என்று தெரிந்துவிடும். இடையில் நிதியில்லாமலே செய்த சிறு நிகழ்ச்சி, ஒரு காட்சியின் ஒத்திகைப் பதிவு போன்றவை இருந்தால் சுருக்கத்தின் இரண்டாவது வரியிலேயே சொல்லுங்கள். வேறு நிறுவனத்துக்கு அனுப்புவதானால் முந்தைய நிறுவனத்தின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கோப்பு முழுவதும் தேடுங்கள். பட்ஜெட் தாளின் அடிக்குறிப்பிலும் கோப்பின் பெயரிலும்தான் அது பெரும்பாலும் தப்பி நிற்கும்.